ஈர மண்ணில் ஒரு செங்கனி மரம்

அமெரிக்கா என்று சொன்ன மாத்திரத்தில் நம்மவர்களின் மனக்கண்முன் எழுந்து நிற்பவை நியூயார்க் நகரத்து விண்ணளாவிய மாளிகைகளும், ஓய்வொழிவின்றி ஓடும் மோட்டார் வண்டிகளுமேயாகும். அங்கு சென்று வந்தோர் எழுதும் யாத்திரைக் கட்டுரைகளும் பெரும்பாலும் அவற்றையே வருணிக்கின்றன. நாம் இன்று நேயர்களுக்குக் காட்ட விரும்பும் காட்சி வேறு. அத்தேசத்தின் தென்கோடியிலே, லூயிஸியானா மாகாணத்திலே, ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் ஓரடி உயரமுள்ள மண்மேட்டின் மீது நிற்கும் ஒரு சிறு முள்மரத்தையே காட்ட விரும்புகிறோம். அதன் பெயர் 'மேஹா'. அது காய்த்த கதை சிறிது நீண்டதாயினும், கேட்கத் தகுந்தது.

2025-ஆம் வருஷம் பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்டதும், அங்கே குடியிருக்கும் நம் தங்கையின் அழைப்பை ஏற்றுப் பிரயாணமானோம். ஹூஸ்டன் நகரத்தில் விமானத்தினின்றும் இறங்கி, கிழக்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் சுமார் 140 மைல் சென்றால் லேக் சார்ல்ஸ் என்னும் ஊர் வரும். இடையே ஸபீன் நதியைக் கடக்கும்போது டெக்ஸாஸ் மாகாணம் முடிந்து லூயிஸியானா தொடங்குகிறது. பூமி உள்ளங்கைபோல் தட்டையாக இருக்கிறது. எங்கு நோக்கினும் 'பையூ' என அவ்வூரார் வழங்கும் மந்தமான ஓடைகள். அவற்றின் கரைகளில் ஜலத்திலேயே கால் ஊன்றி நிற்கும் ஸைப்ரஸ் மரங்கள். நடுநடுவே நெல் வயல்கள். ஆம், நெல் வயல்களேதாம்! பதினாயிரம் மைலுக்கு அப்பால் பசிய நாற்றைக் கண்டதும் நம் உள்ளம் குளிர்ந்ததில் வியப்பில்லை.

ஆனால், நெல்லுக்கு உகந்த பூமி கனிமரங்களுக்கு உகந்ததாக இருப்பதில்லை. அப்பிரதேசத்தில் வருஷத்துக்கு 55 அங்குலத்துக்கு மேல் மழை பெய்கிறது. மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே இறுகிய களிமண் படிந்திருப்பதால், பெய்த நீர் உள்ளே இறங்க வழியின்றி நாட்கணக்கில் தேங்கி நிற்கிறது. நம் தங்கையின் கணவர் 2018-இல் அவ்வீட்டை வாங்கியபோது, ஆசையோடு நான்கு பீச் மரங்களை நட்டார். முதலிரண்டு வருஷங்கள் அவை தழைத்தன. 2021-ஆம் வருஷம் மே மாதம் 17-ந் தேதி அவ்வூரில் ஒரே நாளில் 12 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டித் தீர்த்தது. கொல்லை முழுவதும் குளமாயிற்று. நீர் வடிந்த பிறகு இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. ஆடி மாதத்துக்குள் நான்கு மரங்களும் விறகாயின.

நீர் மிகுந்தால் மரம் ஏன் இறக்க வேண்டும் என்று நம் மாணாக்கர் கேட்பதுண்டு. விடை எளிது. நம்மைப் போலவே வேர்களும் சுவாசிக்கின்றன. மண் துகள்களுக்கு இடையேயுள்ள நுண்ணிய வெளிகளில் தங்கும் காற்றிலிருந்தே அவை பிராணவாயுவைப் பெறுகின்றன. அவ்வெளிகளை நீர் நிரப்பிவிடின், மிஞ்சியிருக்கும் பிராணவாயு விரைவில் தீர்ந்துபோகிறது. வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது. ஆகவே, முழங்கால் ஜலத்தில் நிற்கும் மரம் தாகத்தினாலேயே வாடி உயிர் விடுகிறது. பீச் மரம் இத்துன்பத்தைச் சிறிதும் தாங்காது.

அயல் வீட்டில் எண்பது பிராயத்தைக் கடந்த ஒரு முதியவர் இருக்கிறார். இளமையில் மரம் வெட்டும் தொழிலும், பிறகு தச்சுத் தொழிலும் செய்தவர். இறந்து நின்ற பீச் மரங்களைப் பார்த்து அவர், "இந்த மண் எதைத் தருமோ அதைக் கேளுங்கள், கொடுக்கும்" என்றாராம். அவர் குறிப்பிட்டது மேஹா மரத்தையே.

ஆங்கிலத்தில் 'ஹாதார்ன்' என வழங்கும் முள்மரங்களில் இது ஒரு வகை. அவ்வினத்தின் பழத்துக்கு 'ஹா' என்பது பழைய பெயர். மே மாதத்தில் பழுப்பதால் இது 'மேஹா' ஆயிற்று. ரோஜா குடும்பத்தைச் சேர்ந்ததாகையால் ஆப்பிளுக்கும் பேரிக்காய்க்கும் இது நெருங்கிய உறவு. லூயிஸியானா, டெக்ஸாஸ் பக்கங்களில் வளர்வதைத் தாவர சாஸ்திரிகள் 'கிரட்டீகஸ் ஒப்பாகா' என்றும், கிழக்கே ஜார்ஜியா முதலிய மாகாணங்களில் வளர்வதைக் 'கிரட்டீகஸ் எஸ்டிவாலிஸ்' என்றும் அழைக்கின்றனர். மரம் 20 முதல் 30 அடி வரை உயரும். மாசி மாதத்தில், இலை துளிர்க்கு முன்னரே, கிளையெல்லாம் வெண்மலர் பூத்து நிற்கும். பழம் அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை பருமனுள்ளது; சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் எனப் பல நிறங்களில் இருக்கும். பச்சையாகக் கடித்தால் நம் ஊர்க் களாப்பழத்தைவிடப் புளிக்கும். ஆனால் வாசனையோ ஆப்பிளின் வாசனை. ஜெல்லியாகக் காய்ச்சிய பின்னர்தான் அதன் பெருமை விளங்கும். லூயிஸியானாவின் சட்டசபை 2003-இல் மேஹா ஜெல்லியையும் கரும்பு ஜெல்லியையும் அம்மாகாணத்துக்குரிய ஜெல்லிகளாகவே பிரகடனம் செய்தது என்றால், அவ்வூரார் அதன்பால் வைத்துள்ள அபிமானத்தை நேயர்கள் உணரலாம்.

முன்னாளில் இம்மரத்தை யாரும் நட்டு வளர்த்ததில்லை. நதியோரத்துத் தாழ்ந்த காடுகளிலும், பள்ளங்களிலும் அது தானே முளைத்துத் தானே காய்த்தது. சித்திரை முடிவில் பழம் உதிரும். உதிர்ந்த பழம் தேங்கிய நீரில் மிதக்கும். ஜனங்கள் சிறு படகுகளில் சென்று, வலைகளாலும் சல்லடைகளாலும் அவற்றை அரித்தெடுத்து வருவார்கள். அயல் வீட்டு முதியவரும் தம் ஐந்தாம் பிராயத்தில் தாயாரோடு அவ்விதம் படகில் சென்றவரே. "என் தாயார் துடுப்புப் போடுவார். நான் படகின் முனையில் குப்புறப் படுத்துக்கொண்டு மாவுச் சல்லடையால் பழத்தை அள்ளுவேன். பாம்பு வந்தால் சொல் என்பார், பாம்புக்குப் பயந்து பழத்தை விட்டதில்லை" என்று அவர் சொல்லிச் சிரித்தார்.

அந்தப் பள்ளம் இன்று இல்லை. நிலம் கைமாறி, மரங்கள் வெட்டப்பட்டு, கம்பி வேலி வந்துவிட்டது. இது அவர் ஒருவருடைய குறை மட்டுமன்று. ஸபீன் நதியின் குறுக்கே டொலீடோ பெண்ட் அணை 1969-இல் கட்டி முடிக்கப்பட்டபோது, 1,80,000 ஏக்கருக்கு மேற்பட்ட பூமி நீரில் ஆழ்ந்தது. மிஸிஸிப்பி நதியின் கீழ்ப் பள்ளத்தாக்கில் முன்பிருந்த தாழ்நிலக் காடுகளில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் அழிந்து, சோயாவும் பருத்தியும் விளையும் வயல்களாகிவிட்டன. காடு குறையக் குறைய, காட்டில் பழம் பொறுக்கி வந்த ஜனங்கள் விதையையும் ஒட்டுக்குச்சியையும் கொணர்ந்து தத்தம் கொல்லைகளில் மரத்தை வளர்க்கத் தொடங்கினர். அவ்விதம் வந்தவற்றுள் நல்லனவற்றைத் தேர்ந்தெடுத்து, 'ஸூபர் ஸ்பர்', 'டெக்ஸாஸ் ஸ்டார்' முதலிய பெயர்களுடன் ஒட்டுக்கன்றுகளாக இப்போது விற்கிறார்கள். ஆயிரமாண்டு வனத்தில் வாழ்ந்த மரம், இந்தச் சில பத்தாண்டுகளில் வீட்டு மரமாகி வருகிறது.

முதியவரின் வீட்டு வாயிலில் நின்ற மரமும் அவருடைய தாயார் அந்தப் பள்ளத்தினின்றும் சிறு கன்றாகப் பெயர்த்து வந்து நட்டதே. 2020-ஆம் வருஷம் ஆகஸ்டு 27-ந் தேதி, மணிக்கு 150 மைல் வேகத்தில் கரையேறிய 'லாரா' என்னும் புயல் லேக் சார்ல்ஸ் நகரத்தையே நிலைகுலையச் செய்தது. முதியவரின் வீட்டுக் கூரை பறந்தது. தாயார் நட்ட மரமும் சாய்ந்தது. எனினும், வேர்களில் ஒரு பாதி மண்ணிலேயே பற்றியிருந்தமையால் மரம் உடனே இறக்கவில்லை. அடுத்த தை மாதத்தில், கிளைகள் உறக்கத்தில் இருந்த சமயம், பென்ஸில் பருமனுள்ள பத்துக் குச்சிகளை அவர் வெட்டி, ஈரத் துணியில் சுற்றி நம் தங்கையின் கணவரிடம் கொடுத்தார். "எனக்கு இப்போது வீடும் இல்லை, தோட்டமும் இல்லை. இவற்றை எங்கேயாவது உயிரோடு வைத்திருங்கள்" என்று சொன்னாராம். அப்போது அவர் சக்கரங்கள் பூட்டிய ஒரு தற்காலிகக் கூண்டு வீட்டில் வசித்து வந்தார்.

பத்துக் குச்சிகளையும் மேஹா நாற்றுகளின் மீதே ஒட்டுக் கட்டினார்கள். வேறு வகை ஹாதார்ன் வேர்ச்செடிகளிலும் இது ஒட்டும்; ஆனால், ஈரமான நிலத்துக்கு மேஹாவின் வேரே நம்பத் தகுந்தது. ஐந்து ஒட்டுகள் பிடித்தன. அவற்றில் திடமான மூன்றை அந்த வருஷத்து மார்கழியில் கொல்லையில் நட்டார்கள். இங்கேதான் நம் மைத்துனர் ஒரு பெரும் பிழை செய்தார். சதுப்பில் பிறந்த மரத்துக்குச் சதுப்பே உகந்தது என்று எண்ணி, கொல்லையின் மிகத் தாழ்ந்த மூலையில், ஆழமான குழி வெட்டி ஒரு கன்றை நட்டுவிட்டார். மற்ற இரண்டை நடுமுன் முதியவர் வந்து பார்த்து, தலையில் கைவைத்துக்கொண்டார். "தண்ணீரைப் பொறுத்துக்கொள்ளும் மரத்தை, தண்ணீர் கேட்கும் மரம் என்று நினைத்துவிட்டீர்களே!" என்றார்.

இச்சொல்லில் ஒரு சாஸ்திரமே அடங்கியிருக்கிறது. காட்டுப் பள்ளங்களில் வெள்ளம் பெருகுவது பெரும்பாலும் குளிர்காலத்திலும் வசந்தத் தொடக்கத்திலுமாகும். அப்போது மரம் இலையுதிர்ந்து உறங்குகிறது. வேருக்குப் பிராணவாயு அதிகம் வேண்டியதில்லை. கோடையில் பள்ளம் வற்றிவிடும். இன்றியமையாததாலன்றோ மரம் அங்கே வாழ்ந்தது! வேறு மரங்கள் தாங்க முடியாத இடத்தை இது தாங்கிற்று. அதனால் அந்த இடம் இதற்குக் கிடைத்தது. மேட்டுப் பாங்கான, நீர் வடியும், சிறிது புளிப்புத் தன்மையுள்ள மண்ணில், தடையின்றி வெயில் படும்படி வைத்தால், காட்டு நிழலில் காய்ப்பதைவிடப் பன்மடங்கு காய்க்கிறது. பொறுமையை விருப்பமென்று தவறாகக் கொள்வது மரங்கள் விஷயத்தில் மட்டும் நிகழும் பிழையன்று என்பதை இல்லறத்தார் அறிவார்கள்.

முதற்கன்று அடுத்த கோடை மழையில் அழுகிற்று. மற்ற இரண்டும் முதியவர் சொன்ன முறையில் நடப்பட்டன. அம்முறையைக் கூறுவோம். முதலில் கொல்லையில் நீர் எவ்வழி ஓடுகிறது என்று ஒரு மழை நாளில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். நடும் இடத்தில் குழி வெட்டாமல், மேல்மண்ணைக் குவித்து, ஓரடி உயரமும் ஐந்தடி அகலமுமுள்ள மேடு அமைக்க வேண்டும். மேட்டின் இரு புறமும் ஆழமற்ற வாய்க்கால் வெட்டி, தாழ்ந்த பக்கத்துக்கு நீரை வடிய விட வேண்டும். கன்று தொட்டியில் எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் மேட்டின் உச்சியில் நட வேண்டும். ஒட்டுக் கட்டிய இடம் மண்ணில் புதையலாகாது. மரத்துக்கு மரம் 18 அல்லது 20 அடி இடைவெளி வேண்டும். மார்கழி முதல் மாசி வரை நடுவதற்கு ஏற்ற காலம்.

ஈர பூமியில்தானே நட்டோம் என்று அதன் பிறகு அலட்சியமாக இருக்கலாகாது. மேட்டு மண் விரைவில் உலரும். இளங்கன்றின் வேர் மேட்டைத் தாண்டிப் போகவில்லை. ஆகவே முதல் இரண்டு கோடைகளிலும் மழையில்லாத வாரங்களில் நீர் வார்க்க வேண்டும். சுற்றியுள்ள புல்லை அகற்றி, பைன் மரத்தின் ஊசியிலைகளைப் பரப்பிவைத்தால் ஈரம் காக்கும். ஆயினும், இலைகளைத் தண்டோடு ஒட்டிக் குவிக்கலாகாது.

பகைகளும் உண்டு. பூக்காலத்தில் தேனீக்களோடு தொற்றி வரும் ஒரு கிருமி, தளிர்களைத் தீயில் கருகியதுபோல் கறுக்கச் செய்கிறது. நோயுற்ற கிளையை, கருகிய இடத்துக்கு ஓரடி கீழே நல்ல பாகத்தில் வெட்டி எரித்துவிட வேண்டும். உரம் மிகுதியாக இட்டு இளந்தளிரைப் பெருக்கினால் இந்நோயும் பெருகும். மற்றொன்று துருநோய். அதை உண்டாக்கும் பூஞ்சணம் ஒரு பருவத்தைச் சிவப்பு ஸீடர் மரத்திலும், மறு பருவத்தை ஹாதார்ன் வகைகளிலும் கழிக்கிறது. பழத்தின் மீது நெருங்கிய வெண்குழல்களும் ஆரஞ்சு நிறப் பொடியுமாகப் புறப்படும். அருகில் ஸீடர் மரம் இருந்தால் மேஹாவுக்குச் சுகமில்லை. இவற்றோடு, காய்க்குள் முட்டையிடும் ஒரு மூக்கு வண்டும் உண்டு. மாசியில் சீக்கிரம் பூப்பதால், பின்பனி கடுமையாக விழும் வருஷத்தில் பூவெல்லாம் கருகிக் காய்ப்பு அற்றுப்போவதும் நேரிடும்.

ஒட்டுக்கன்று மூன்று நான்கு வருஷங்களில் காய்க்கத் தொடங்கும். விதைக்கன்று இன்னும் தாமதிக்கும். நாம் போய்ச் சேர்ந்த மே மாதம் முதல் வாரத்தில்தான் அவ்விரு மரங்களும் முதன்முதலாகப் பழுத்திருந்தன. நம் தங்கை நம்மைக் கைகால் கழுவவும் விடாமல் கொல்லைக்கு இழுத்துச் சென்றாள். "அண்ணா, நீ வருவதற்குள் உதிர்ந்துவிடுமோ என்று தினமும் வந்து பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றாள். நம் உயரத்துக்குச் சற்றே மேற்பட்ட அம்மரங்களில், பசிய இலைகளினூடே குன்றிமணிக் கொத்தைப் பெரிதாக்கினாற்போல் கனிகள் செக்கச் செவேலென்று தொங்கின. மறுநாட் காலையில் ஒரு பழைய படுக்கை விரிப்பைக் கீழே விரித்து, கிளையை மெல்ல உலுக்கினோம். கனிகள் கலகலவென்று உதிர்ந்தன. முட்கள் நம் சட்டையைக் கிழித்ததோடு திருப்தியடைந்தன. மொத்தம் இரண்டு படி கிடைத்தது.

காம்பும் இலையும் நீக்கிக் கழுவி, பழம் மூழ்க நீர் வார்த்து, அரை மணி நேரம் மெல்லிய தீயில் வேகவிட்டாள். பிறகு மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டு, சாறு தானே வடியும்படி செய்தாள். பிழிந்தால் ஜெல்லி கலங்கிப் போகுமாம். முற்றும் பழுத்தவற்றோடு சிறிது செங்காயும் சேர்ந்திருந்தால் நன்றாக உறையும்; செங்காயில் உறையச் செய்யும் சத்து அதிகம். சாற்றில் சர்க்கரையைக் கரைத்துக் கொதிக்கவைத்து, கரண்டியை உயர்த்தியபோது துளிகள் தனித்தனியே சொட்டாமல், இரண்டு துளிகள் ஒன்றுகூடி ஏடுபோல் விழுந்ததும் இறக்கினாள். மாணிக்கத்தைக் கரைத்து வார்த்தாற்போன்ற ஜெல்லி 6 சிறு புட்டிகளில் நிறைந்தது.

முதற்புட்டி யாருக்கு என்பதில் வீட்டில் வாதமே எழவில்லை. அன்று மாலை அதை எடுத்துக்கொண்டு எல்லோரும் முதியவரின் இல்லத்துக்குச் சென்றோம். புதிய கூரை வேய்ந்த வீடு; வாயிலில் மரம் நின்ற இடத்தில் வெறும் புல். அவர் புட்டியை வெளிச்சத்தில் தூக்கி நெடுநேரம் பார்த்தார். ஒரு ரொட்டித் துண்டில் தடவி உண்டார். நாம் அனைவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மெல்ல விழுங்கிவிட்டு, "என் தாயார் இவ்வளவு சர்க்கரை போடமாட்டார்" என்றார். நம் தங்கையின் முகம் சுருங்கிற்று. "ஆனால் பழம் அதே பழந்தான்" என்று சொல்லி, அவர் மற்றொரு ரொட்டித் துண்டை எடுத்துக்கொண்டார். சிறிது நேரம் வேறு யாரும் ஒன்றும் பேசவில்லை.

பேச்சினிடையே நம் தங்கை, "அண்ணா, ஊருக்கு ஒரு கன்று கொண்டுபோனால் என்ன?" என்று கேட்டாள். ஆகாது என்றோம். அரசாங்கத்தின் அனுமதியின்றிக் கன்றையும் விதையையும் கடல் கடந்து கொண்டுவரலாகாது என்பது ஒரு காரணம். மற்றொன்று, இம்மரம் பூப்பதற்குக் குளிர்காலத்தில் 45 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே பல நூறு மணி நேரம் உறங்கியாக வேண்டும். நம் சமவெளியின் தை மாதத்தில் அத்தகைய உறக்கம் அதற்கு ஏது? நம் களாவும் நாவலும் நெல்லியும் நம்மிடம் இருக்க, இதை இங்கே வருத்துவானேன்! அதன் மண்ணிலேயே அது வாழட்டும்.

ஆயினும், அது போக வேண்டிய இடம் ஒன்று இருந்தது. வரும் தை மாதத்தில் தம் மரங்களிலிருந்து ஒட்டுக்குச்சி எடுத்து, முதியவரின் வாயிலில் மறுபடியும் ஒரு மரம் வைத்துக் கொடுப்பதாக நம் மைத்துனர் சொன்னார். ஒட்டு பிடித்து, நட்டு, காய்ப்பதற்கு நான்கைந்து வருஷங்கள் ஆகும் என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். முதியவரின் பிராயமும் தெரியும். அவர் யோசிக்கவேயில்லை. "மேடு அமைக்க இப்போதே மண் கொட்டி வைத்தால், மழையில் நன்றாகப் படிந்திருக்கும்" என்றார்.

மறுநாட் காலை நாம் காப்பி அருந்திக்கொண்டே ஜன்னல் வழியே பார்த்தோம். அவர் தம் வாயிலில், நான்கு மூலைக்கும் முளையடித்துக் கயிறு கட்டி, மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.